தற்கால நாவல்: தேர்ந்தெடுப்பதும் மதிப்புரை எழுதுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் இப்போது வரும் நாவல்களில் எதை வாங்குவது, வாசித்ததைப் பற்றி எப்படி எழுதுவது என்று திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. எல்லா நாவலையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. சரித்திர நாவல் வாசகருக்குத் தரும் வாக்கு வேறு, துப்பறியும் நாவல் தரும் வாக்கு வேறு. அந்த வாக்கு காப்பாற்றப்பட்டதா என்பதைப் பக்கத்தைக் காட்டிச் சொல்வதுதான் மதிப்புரையாளரின் வேலை.

கடையில் நின்றபடியே ஒரு நாவலை எப்படி எடைபோடுவது?

பின்னட்டையைக் கடைசியில் படியுங்கள். அது விற்பதற்காக எழுதப்பட்டது. முதலில் பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். புது அட்டையோடு இருப்பதெல்லாம் புது நாவல் அல்ல. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994-இல் வந்தது. இன்றும் கடையில் புதிதாகத்தான் தெரியும். மறுபதிப்பு என்றால் திருத்திய பதிப்பா, அப்படியே அச்சிட்டதா என்பதையும் கவனியுங்கள்.

அடுத்து முதல் மூன்று பக்கங்கள். பிறகு நூலின் நடுவில், ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு தாண்டிய இடத்தைத் திறந்து, இரண்டு பக்கங்களை நிறுத்தாமல் வாசியுங்கள். முதல் அத்தியாயத்தை எல்லோரும் பலமுறை திருத்தியிருப்பார்கள். தொய்வு தெரிவது நடுவில்தான், அதுவும் தொடராக வந்து நூலான நாவல்களில் நன்றாகவே தெரியும்.

அந்த நடுப்பக்கங்களில் உரையாடலைக் கூர்ந்து பாருங்கள். “அண்ணா, நம்ம அப்பா பத்து வருஷம் முன்னாடி இந்த மில்லுலதான் ஃபிட்டரா இருந்தாரு” என்று தம்பி சொல்கிறான். அண்ணனுக்கு இது தெரியாதா? தம்பியின் வாய் வழியாக ஆசிரியர் நமக்குத் தகவல் சொல்கிறார். இதையே “அப்பாவோட டூல்பாக்ஸ எடைக்குப் போட்டுட்டியா?” என்று தம்பி கேட்டால், அப்பா என்ன வேலை பார்த்தார், வீட்டில் என்ன நிலைமை, அண்ணன் தம்பிக்குள் என்ன புகைகிறது என்பதெல்லாம் ஒரே வரியில் வந்துவிடும். இரண்டு பக்கத்துக்குள் முதல் வகை வரிகள் மூன்று இருந்தால், மீதி முந்நூறு பக்கமும் அப்படித்தான் இருக்கும்.

பிழைகளையும் எண்ணுங்கள். ஐந்து பக்கத்தில் ர–ற, ல–ள குழப்பமும் ஒற்றுப்பிழையும் நாலைந்துக்கு மேல் இருந்தால், அந்தப் பிரதியை யாரும் செம்மையாக்கவில்லை என்று பொருள். செம்மையாக்காத நாவலில் எழுத்துப்பிழையோடு வேறு கோளாறுகளும் சேர்ந்தே வரும்: பாத்திரத்தின் பெயர் பாதியில் மாறும், சொன்ன சம்பவமே மறுபடி வரும், இறந்தவர் கல்யாணத்துக்கு வருவார்.

தடித்த நூலென்றால் நடுவில் அகலமாகத் திறந்து பாருங்கள். பசை மட்டும் போட்ட கட்டு இரண்டாவது வாசிப்பில் பிளந்துவிடும். 700 பக்கத்துக்கு மேல் போனால் தைத்த கட்டு, கெட்டி அட்டை வாங்குவதே லாபம். சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதக் கழிவு வழக்கம் என்பதால், விலை கூடிய தடித்த நூல்களை ஜனவரிக்கு ஒதுக்கி வைக்கலாம்.

விருது வாங்கிய நாவலை நம்பி வாங்கலாமா?

நம்பலாம், ஆனால் விருது சொல்லாதவற்றையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். சாகித்ய அகாடமி விருது முந்தைய ஆண்டுகளில் வெளியான நூல்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுவது. இந்த ஆண்டின் விருது நூல் இந்த ஆண்டின் நாவலாக இருக்காது. விருது நாவலுக்கு மட்டும் உரியதும் அல்ல: 2021-இல் அம்பையின் சிறுகதைத் தொகுப்பு, 2024-இல் ஆ. இரா. வேங்கடாசலபதியின் ஆய்வு நூல்.

நாவல்களுக்கு வந்த விருதுகளையே எடுத்துக்கொண்டாலும், 2019-இல் சோ. தர்மனின் ‘சூல்’, 2020-இல் இமையத்தின் ‘செல்லாத பணம்’, 2023-இல் தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ மூன்றும் மூன்று திசை. ‘சூல்’ கரிசல் கிராமத்தையும் கண்மாயையும் பற்றியது. ‘செல்லாத பணம்’ தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடக்கும் ஒரு பெண்ணையும் அவள் குடும்பத்தையும் சுற்றி நடப்பது. வீட்டில் அண்மையில் இழப்பு நேர்ந்தவர்கள் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டிய நூல். நடுவர் குழு தரத்தைச் சொல்லும். உங்கள் இப்போதைய மனநிலைக்கு ஏற்றதா என்பதை மதிப்புரைதான் சொல்ல வேண்டும்.

ஆயிரம் பக்க நாவலைத் தொடங்கிப் பாதியில் விடாமல் இருக்க என்ன வழி?

பெரும்பாலும் நாவல் கடினம் என்பதால் விடுவதில்லை. இடைவெளி விழுந்து பெயர்கள் மறந்துபோவதால்தான் விடுகிறோம். சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ மதுரையின் அறுநூறு ஆண்டுகளைச் சொல்கிறது. அதில் ஒரு வாரம் இடைவெளி விட்டால் யார் யாருக்கு என்ன உறவு என்பதே நழுவிவிடும். நாளைக்கு 30 பக்கம் என்று வைத்தால் ஆயிரம் பக்கம் ஐந்து வாரத்தில் முடியும். பாத்திரங்கள் வர வர, பின் உள்ளட்டையில் பென்சிலால் வம்சக்கொடி ஒன்று வரைந்து கொண்டே போங்கள். பெயருக்குப் பக்கத்தில் பக்க எண்ணும் இருக்கட்டும்.

கைவிடுவதற்கும் ஓர் எல்லை வேண்டும். 250 பக்க நாவலுக்கு 50 பக்கம், 800 பக்கத்துக்கு 100 பக்கம் வாய்ப்புக் கொடுங்கள். வாங்கும் முன் சோதிக்க விரும்பினால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ ஒரு பிற்பகல் உட்கார்ந்தால் போதும். பாதியில் விட்ட நூலுக்கு மதிப்புரை எழுதாதீர்கள்.

வட்டார வழக்கு புரியவில்லை. விட்டுவிடலாமா?

நாற்பது பக்கம் வரை பொறுங்கள். புரியாத சொல்லுக்கெல்லாம் நின்று அகராதி தேடினால் ஓட்டம் போய்விடும். உரையாடலை வாய்விட்டு வாசியுங்கள். கண்ணுக்குப் பிடிபடாத பேச்சு காதுக்குச் சட்டென்று பிடிபடும். முதல் இருபது புதுச் சொற்களை மட்டும் குறித்து வையுங்கள். நாவல் அவற்றையேதான் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்.

மதிப்புரை எழுதுபவர் இதற்கு ஒரு படி மேலே போக வேண்டும். “வட்டார வழக்கு அருமை” என்று எழுதுவதில் தகவல் எதுவும் இல்லை. கதைசொல்லியும் வழக்கில் பேசுகிறாரா, பாத்திரங்கள் மட்டுமா? பாட்டியும் கல்லூரிப் பேத்தியும் ஒரே மாதிரி பேசுகிறார்களா? பண்ணையாரும் அவரிடம் வேலை செய்பவரும் ஒருவரையொருவர் எப்படி விளிக்கிறார்கள்? கொங்கு ஊர்களில் மரியாதைக்குச் சேர்க்கும் ‘ங்க’ யாருக்குப் போகிறது, யாருக்குப் போகாமல் நிற்கிறது என்பதில் அந்த ஊரின் சாதி அடுக்கே தெரியும். எல்லோர் வாயிலும் ஒரே அளவு ‘ங்க’ போட்டிருந்தால் எழுதியவர் அந்தப் பேச்சை அரைகுறையாகத்தான் கேட்டிருக்கிறார்.

சரித்திர நாவலில் தகவல் சரியா என்று எப்படிச் சோதிப்பது?

அடுப்படியில் தொடங்குங்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மக்காச்சோளம், முந்திரி, கொய்யா, பப்பாளி, புகையிலை எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498-இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்த பிறகுதான், ஐரோப்பியர் வழியாக இவை இங்கே வந்தன. முதலாம் ராஜராஜன் ஆண்டது 985 முதல் 1014 வரை. அவன் படைவீரன் மிளகாய் கடித்துக் கஞ்சி குடித்தால் ஐந்நூறு ஆண்டுப் பிழை. காரத்துக்கு மிளகுதான் இருந்தது.

அண்மைக் காலத்தில் நடக்கும் கதைக்கும் இப்படிச் சில கம்பங்களை நட்டு வைத்துக்கொள்ளலாம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியது. பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற கணக்கு மாறி நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். தமிழின் முதல் பேசும்படம் வந்தது 1931-இல். இந்தியாவில் கைப்பேசிச் சேவை 1995-இல் தொடங்கியது. மெட்ராஸ் அதிகாரபூர்வமாகச் சென்னை ஆனது 1996-இல். தந்திச் சேவை 2013 ஜூலையோடு நின்றது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் நடக்கும் கதையில் கடைக்காரர் “அம்பது பைசா” கேட்டால் அங்கே ஒரு குறி போடுங்கள்.

குறி போட்டதும் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. பிழைக்கு எடை உண்டு. ஒரு காட்சியில் மிளகாய் வந்தது கவனக்குறைவு; அதற்கு அரை வரி போதும். அந்தக் காலத்தில் இல்லாத ஒன்றின் மேல் கதையின் திருப்பமே நிற்கிறது என்றால் கட்டுமானமே ஆட்டம் காண்கிறது. அதை விளக்கமாக எழுத வேண்டும். பொருளில் வரும் பிழையைவிடப் பெரியது மனத்தில் வரும் பிழை. பத்தாம் நூற்றாண்டு மனிதர் இன்றைய தொலைக்காட்சி விவாதம் போல வாதிடுவதை யாரும் பிழை என்று எண்ணுவதில்லை. நாவலைச் சாகடிப்பது பெரும்பாலும் அதுதான்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்து, சரித்திர நாவலுக்கென்று ஓர் அச்சையே தமிழில் உண்டாக்கிவிட்டது: குதிரையில் வரும் துடுக்கான இளைஞன், ரகசிய ஓலை, ஒட்டுக்கேட்கும் சதிக்கூட்டம், பழிவாங்கும் அழகி. புதிய நாவல் அந்த அச்சை அப்படியே எடுத்து மன்னரின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறதா? மன்னரின் பெயரை அடித்துவிட்டு வேறு மன்னரை வைத்தாலும் கதை தடையின்றி ஓடுமானால், அந்த நாவலுக்குச் சரித்திரம் வெறும் உடுப்பு.

துப்பறியும் நாவலுக்கு என்ன அளவுகோல்?

கொலையாளி யார் என்று தெரியும் பக்கத்தில் நூலை மூடி, அதுவரை கிடைத்த துப்புகளைத் தாளில் எழுதுங்கள். விடைக்குத் தேவையானவை எல்லாம் உங்களிடமும் இருந்தனவா? துப்பறிபவருக்கு மட்டும் தெரிந்து உங்களுக்கு மறைக்கப்பட்ட ஒன்றால் விடை வந்தால் ஆட்டம் நேர்மையாக நடக்கவில்லை. கடைசி இருபது பக்கத்தில் முதன்முறையாக நுழைபவர் கொலையாளியாக இருந்தாலும் அப்படியே. அடுத்து நேரக்கணக்கு. யார் எந்த மணிக்கு எங்கே இருந்தார் என்று ஒரு கட்டம் போட்டுப் பார்த்தால், பல நாவல்கள் அங்கேயே விழும்.

சட்ட விவரமும் முக்கியம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கான தண்டனைப் பிரிவு 302 இப்போது 103. அதற்குப் பிறகு நடந்த கொலைக்கு இன்ஸ்பெக்டர் “302-ல புக் பண்ணு” என்றால் பழக்கத்தில் சொல்கிறார் என்று விட்டுவிடலாம், எஃப்.ஐ.ஆரிலேயே அப்படி எழுதியிருந்தால் பிழை. கைதானவரை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். நாவல்களில் அதிகம் மீறப்படும் விதி இது. போலீஸ் அத்துமீறலைத்தான் காட்டுகிறார்கள் என்றால் அது கதைக்குள் அத்துமீறலாகவே தெரிய வேண்டும்.

மாத நாவலாக வரும் நூறு பக்கக் கதையை இலக்கிய நாவலின் அளவுகோலால் அடிக்காதீர்கள். ஒரு பேருந்துப் பயணத்தில் முடிக்க எழுதப்பட்டது அது. வேகம் இருக்கிறதா, முடிச்சு ஒழுங்காக அவிழ்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி.

காதல், குடும்ப நாவல்களை மதிப்புரைக்கு எடுக்கலாமா?

கட்டாயம் எடுக்க வேண்டும். தமிழில் தொடர்ந்து காசு கொடுத்து வாசிக்கப்படும் வகை இது. இவற்றை ஏளனமாக ஒதுக்குவது அந்த வாசகர்களையே ஒதுக்குவதாகும்.

முடிவு முன்பே தெரியும் என்பது இந்த வகையில் குறையே அல்ல. இருவரும் சேர்வார்கள் என்பது தெரிந்துதான் வாசகர் உள்ளே வருகிறார். பார்க்க வேண்டியது தடையை. ஒரே ஒரு போன் பேசினால் தீர்ந்துவிடும் மனஸ்தாபத்தை 300 பக்கம் இழுத்திருக்கிறார்களா, அல்லது பேசினாலும் தீராத ஒன்று, பணமோ சாதியோ வேலையோ பெற்றோரின் நோயோ, உண்மையாகவே நடுவில் நிற்கிறதா? அடுத்து, நாயகன் கையைப் பிடித்து இழுப்பது, பின்தொடர்வது, கட்டாயத் தாலி கட்டுவது போன்றவற்றை நாவல் காதலாகக் காட்டுகிறதா என்பது. காட்டினால் மதிப்புரையில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நாயகிக்குக் காதலைத் தவிர வேறு கவலை, வேறு வேலை ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அறிவியல் புனைவு?

ஒரு நாவல் இயற்கை விதி ஒன்றை மீறலாம், தானே புது விதி வகுக்கலாம். வகுத்த விதியைப் பிறகு தானே மீறக் கூடாது. மீறாத இடத்தில் நிஜ அறிவியல் நிற்க வேண்டும்: பூமியிலிருந்து செவ்வாய்க்குச் செய்தி போய்ச் சேரவே, தூரத்தைப் பொறுத்து, ஏறக்குறைய 3 முதல் 22 நிமிடம் ஆகும். ஸ்ரீஹரிகோட்டாவில் கேட்ட கேள்விக்குச் செவ்வாயிலிருந்து அடுத்த நொடியே பதில் வந்தால், ஏன் முடிந்தது என்று நாவல் சொல்லியாக வேண்டும்.

ஈழ, புலம்பெயர் நாவல்களை வாசிக்க என்ன முன்தயாரிப்பு வேண்டும்?

தமிழ்நாட்டு வாசகர் குறைந்தது நான்கு காலப்புள்ளிகளை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: 1983 ஜூலை வன்முறை, 1987-இல் இந்திய அமைதிப்படை வந்தது, 1995 அக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வு, 2009 மே முள்ளிவாய்க்கால். பல நாவல்கள் ஆண்டைச் சொல்வதே இல்லை. யார் சோதனைச் சாவடியில் நிற்கிறார்கள், எந்தப் பாதை மூடியிருக்கிறது என்பதைக் கொண்டு நாம்தான் கண்டுகொள்ள வேண்டும். ‘இயக்கம்’ (போராளி அமைப்பு), ‘ஆமி’ (ராணுவம்), ‘சென்றி’ (காவல் நிலை), ‘பங்கர்’ (பதுங்குகுழி) போன்ற சொற்கள் விளக்கமின்றி வரும்.

கதைசொல்லி எங்கே நின்று பேசுகிறார் என்பது மதிப்புரையில் இடம்பெற வேண்டும். இயக்கத்துக்குள் இருந்தவரா, வெளியேறியவரா, அகதி விசாரணை அதிகாரி முன் உட்கார்ந்திருப்பவரா? ஒரே சம்பவம் மூன்று வாயில் மூன்றாக மாறும். ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ அகதி விண்ணப்பத்தின் வடிவத்தையே கதைக்குள் கொண்டுவருகிறது. அங்கே வடிவத்தைப் பற்றிப் பேசாமல் கதையை மட்டும் சொன்னால் பாதியை விட்டதாகும். அச்சில் கிடைக்காத ஈழத்துப் பழைய வெளியீடுகளுக்கு ‘நூலகம்’ என்ற மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள்.

மொழிபெயர்ப்பு நாவலை மூலம் தெரியாமல் மதிப்பிட முடியுமா?

ஓரளவு முடியும். மூலத்திலிருந்து நேரடியாக வந்ததா, ஆங்கிலம் வழியாகவா என்று பதிப்புப் பக்கத்தில் பாருங்கள். அங்கே எழுதாமல் விட்டிருந்தால் அதையே ஒரு குறையாகக் குறிப்பிடலாம். பிறகு மூன்று இடங்களைச் சோதியுங்கள்: சண்டை, நகைச்சுவை, குழந்தையின் பேச்சு. மொழிபெயர்ப்பு சறுக்கினால் முதலில் சறுக்குவது இந்த இடங்களில்தான். கோபத்தில் கத்துபவர் “நீ என்னை ஏமாற்றிவிட்டாய் என்பதை நான் அறிவேன்” என்றால் யார் தவறு என்று சொல்லவே வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் பெயரை மதிப்புரையின் தலைப்பு விவரத்திலேயே போடுங்கள்.

வாசிக்கும்போது என்ன குறிப்பு எடுப்பது?

அடிக்கோடு நிறையப் போட்டால் பிறகு எதுவும் உதவாது. ஒரு அஞ்சலட்டை அளவுத் தாளைப் புத்தகக்குறியாக வைத்து, பக்க எண்ணும் நாலு சொல்லும் மட்டும் எழுதுங்கள்: “112 – கிணற்றுக் காட்சி, அம்மா பொய் சொல்கிறாள்.” முழு நாவலுக்கும் இப்படி 20 குறிப்பு போதும். முடித்த அன்றே, எதையும் புரட்டாமல், நினைவில் நிற்கும் மூன்று காட்சிகளை எழுதி வையுங்கள். இரண்டு நாள் கழித்து அந்த மூன்றையும் மட்டும் திரும்ப வாசியுங்கள். முதலில் உலுக்கியது மொழியா, வெறும் சம்பவமா என்பது அப்போது பிடிபடும்.

மதிப்புரையின் அமைப்பு எப்படி இருக்கலாம்? எவ்வளவு நீளம்?

700 முதல் 900 சொல் வரை நல்ல அளவு. நாவலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை மேலே. கதைச் சூழலுக்கு 150 சொல்லுக்கு மேல் வேண்டாம். பல மதிப்புரைகள் கெடுவதே முக்கால் பாகம் கதைச்சுருக்கமாகிவிடுவதால்தான். நாவல் என்ன செய்ய முயல்கிறது என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். அடுத்து ஒரே ஒரு காட்சியை எடுத்து நெருக்கமாகப் பாருங்கள். குறைந்தது 250 சொல் அதற்குத்தான்.

“நடை அழகு, பாத்திரங்கள் உயிரோட்டம்” என்ற வாக்கியத்தை எந்த நாவலுக்கும் ஒட்டலாம். அதற்குப் பதில்: “மகன் வேலையை விட்டதை அப்பாவிடம் யாரும் சொல்வதில்லை, காலையில் அவனுக்கு டிபன் பாக்ஸ் கட்டாமல் விடுகிறாள் அம்மா, அவ்வளவுதான். ஒரு குடும்பத்தின் ரகசியத்தை இப்படி அடுக்களையில் வைத்தே உடைக்கத் தெரிகிறது இந்த ஆசிரியருக்கு. ஆனால் அடுத்த பத்தியிலேயே அதற்கு விளக்கமும் எழுதி அந்தக் காட்சியின் கூர்மையை மழுக்கிவிடுகிறார்.” பாராட்டும் குறையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. வாசகர் தானே தீர்மானிக்க அவர் கையில் ஆதாரம் இருக்கிறது.

முடிவைச் சொல்லலாமா?

துப்பறியும் நாவலில் கூடவே கூடாது. மற்றவற்றில் நூலின் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை நடப்பதைத் தயங்காமல் சொல்லலாம். முடிவைத் தொடாமல் விவாதிக்க முடியாது என்றால் அந்தப் பத்திக்கு முன்பு ஒரு வரி எச்சரிக்கை போடுங்கள்.

எவ்வளவு மேற்கோள் காட்டலாம்?

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, விமர்சனத்துக்கும் மதிப்புரைக்கும் நியாயமான அளவில் மேற்கோள் காட்ட இடம் தருகிறது. இத்தனை சொல் என்று கணக்கு இல்லை. இரண்டு மூன்று இடங்களில் நாலைந்து வரி எடுத்து, ஒவ்வொன்றையும் பற்றி நீங்களும் அதைவிட அதிகம் பேசினால் சிக்கல் வராது. பக்கங்களைப் படம் பிடித்துப் போடுவது மதிப்புரை ஆகாது.

சட்டத்தைவிடப் பெரிய பொறுப்பு, மேற்கோளைச் சூழலோடு தருவது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-இல் வந்தது. நாவலின் சில பக்கங்கள் மட்டும் தனியே நகலெடுக்கப்பட்டுப் பரவி, 2014 இறுதியில் எதிர்ப்பு மூண்டது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் தீர்ப்பளித்தது. நான்கு வரியைத் தனியே பிடுங்கி எடுத்தால் எந்த நாவலையும் எதுவாகவும் காட்டிவிடலாம். யார் பேசுகிறார், யாரிடம், கதையின் எந்த இடத்தில் என்பதை மேற்கோளுக்கு முன்பே எழுதிவிடுங்கள்.

நண்பர் எழுதிய நாவல், இலவசமாக வந்த பிரதி. என்ன செய்வது?

இலவசப் பிரதி என்றால் ஒரு வரியில் சொல்லிவிட்டு எழுதலாம். நெருங்கிய நண்பரின் நூலுக்கு மதிப்புரை எழுதாதீர்கள். முன்னோட்டம், அறிமுகக் கூட்டப் பேச்சு, தனிக்கடிதம் என்று உதவ வேறு வழிகள் இருக்கின்றன. பிடிக்காத நூலாக இருந்தால் ஆசிரியரின் சாதி, ஊர், கட்சி, முகநூல் சண்டை எதையும் இழுக்காமல் பக்கத்தோடு நின்று எழுதுங்கள். முதல் நாவல் எழுதியவரிடம் குறையைச் சொல்லலாம், கேலி வேண்டாம்.

நட்சத்திரம் கொடுக்கலாமா?

தளம் கேட்டால் கொடுங்கள். அந்த வகைக்குள் எப்படி என்று பார்த்துக் கொடுங்கள்; நல்ல மாத நாவல் அந்த வகையில் நான்கு நட்சத்திரம் பெறுவதில் தவறே இல்லை.

வெளியான பிறகு ஆசிரியரோ வாசகரோ தவறு என்று சொன்னால்?

தகவல் பிழை என்றால், பாத்திரத்தின் பெயரோ ஆண்டோ பக்க எண்ணோ, அன்றே திருத்தி, என்ன திருத்தினீர்கள் என்பதைத் தேதியோடு மேலே போடுங்கள், சத்தமில்லாமல் மாற்றாதீர்கள். மேற்கோளில் எழுத்து மாறியிருந்தால் எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்று சரிபாருங்கள். மறுபதிப்பில் ஆசிரியரே மாற்றியிருக்கலாம். கருத்தில் வேறுபாடு என்றால் அவர் பதிலுக்கு இடம் கொடுத்துவிட்டு, உங்கள் மதிப்புரையை இருந்தபடியே விட்டுவிடுங்கள்.